சொந்த மண்ணில் ஓர் ஆட்டம்

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மடிக்கணினியில் கிங்ஸ்டன். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசியில் வில்லெம்ஸ்டாட். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. எதிரே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "ரெண்டுலயும் நம்ம ஆளு ஒருத்தரும் இல்லியே, பெறவு எதுக்கு மக்கா இந்தத் துடிப்பு?" என்றாள்.

பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. கிங்ஸ்டனில் ஜமைக்கா ஒரே ஒரு கோல் போட்டால் கால்பந்து உலகக் கோப்பைக்குப் போய்விடும். எதிரணியான குராசாவுக்கு டிரா போதும். மூன்று வாரத்துக்கு முன்புதான் மெலிசா புயல் ஜமைக்காவைச் சூறையாடிவிட்டுப் போயிருக்கிறது. வீடிழந்த ஊருக்கு ஒரு சந்தோஷம் கிடைக்கட்டும் என்று ஒரு மனசு. இந்தக் குட்டித் தீவு தாக்குப்பிடிக்கட்டும் என்று இன்னொரு மனசு. இரண்டாம் பாதியில் ஜமைக்கா அடித்த பந்து மூன்று முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டினார். அரங்கமே எழுந்து நின்றது. பிறகு காணொளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்று கையசைத்தார். கோல் ஏதும் விழாமல் ஆட்டம் முடிந்தது. குராசாவ் 12 புள்ளி, ஜமைக்கா 11.

குராசாவ் 444 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 1,56,000 பேர். நாகர்கோவிலில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்றவற்றில் மக்கள்தொகையில் மிகச் சிறிய நாடு என்ற பெயர் 2018 முதல் ஐஸ்லாந்திடம் இருந்தது. அது இப்போது இவர்களுக்கு. பயிற்சியாளர் டிக் அட்வகாட்டுக்கு அப்போது வயது 78. குடும்பக் காரணத்துக்காக நெதர்லாந்து திரும்பியிருந்தவர், தன் அணியின் மிகப் பெரிய இரவில் மைதானத்தோரம் இல்லை. இந்த வாரப் பத்தி குராசாவைப் பற்றித்தான் என்று ஆசிரியரிடம் அன்று காலையே சொல்லிவிட்டேன்.

ஆனால் நான்கு நாளாக மனசு மடிக்கணினியை விட்டு நகர்ந்து அந்தக் கைபேசித் திரையிலேயே நிற்கிறது.

வில்லெம்ஸ்டாட் குராசாவின் தலைநகரம். குராசாவ் அணி கிங்ஸ்டனில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடிய அதே நேரத்தில், அதன் சொந்த மைதானத்தில் வேறொரு நாடு தன் 'சொந்த மண்' ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. அது ஹைதி. நிகராகுவாவை 2-0 என்று வென்றது. சான் ஹோசேயில் கோஸ்டாரிகாவும் ஹோண்டுராஸும் கோலின்றி முடிக்க, ஹைதி குழுவில் முதலிடம் பிடித்தது. 1974க்குப் பிறகு முதல் உலகக் கோப்பை. அங்கே அப்போது தேதி 2025 நவம்பர் 18. 1803இல் அதே தேதியில்தான் வெர்த்தியேர் போர்க்களத்தில் அடிமைகளாக இருந்தவர்கள் நெப்போலியனின் படையைத் தோற்கடித்து ஹைதி என்ற நாட்டுக்கு வழி திறந்தார்கள்.

இந்தத் தகுதிச் சுற்றில் ஹைதி ஒரு ஆட்டம்கூடத் தன் நாட்டில் ஆடவில்லை. 2021க்குப் பிறகு அந்த அணி சொந்த ஊரில் ஆடியதே கிடையாது. போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரின் சில்வியோ காத்தோர் மைதானம் 2024இல் ஆயுதக் கும்பல்களின் பிடிக்குள் போனது. பயிற்சியாளர் செபஸ்தியான் மின்யே பிரெஞ்சுக்காரர்; பொறுப்பேற்ற நாளிலிருந்து ஹைதியில் கால் வைத்ததில்லை. வைக்க முடியவில்லை. தலைநகரத்துக்கு வெளிநாட்டு விமானமே போகாதபோது அவர் எப்படிப் போவார்? உள்ளூர் ஆட்டக்காரர்களைப் பற்றித் தொலைபேசியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். அப்படிச் சேர்த்த அணி, 800 கிலோமீட்டருக்கு அப்பால் கடல் தாண்டி இரவல் வாங்கிய புல்தரையில் வென்றது. அன்றிரவு போர்ட்-ஓ-பிரின்ஸில் ஜனங்கள் தெருவுக்கு வந்து ஆடினார்கள். எந்தத் தெருவில் எப்போது தோட்டா வரும் என்று தெரியாத ஊரில் அத்தனை பேர் வெளியே வந்தார்கள்.

உலகக் கோப்பையைவிடத் தகுதிச் சுற்றின் மீதுதான் எனக்குப் பிரியம் அதிகம் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். 2026இல் 48 அணிகள். நடத்துகிற மூன்று நாடுகள் போக, மீதி 45 இடத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மோதின. கணக்கு கண்டத்துக்குக் கண்டம் மாறும். தென் அமெரிக்காவில் பத்து நாடுகளும் ஒரே பட்டியல், ஆளுக்குப் பதினெட்டு ஆட்டம். கரீபியன் பக்கம் கடைசிச் சுற்றில் நான்கு நான்காக மூன்று குழுக்கள், முதலிடக்காரர்களுக்கு நேரடி இடம். ஆனால் பெரும்பாலும் எல்லா இடத்திலும் பொது விதி ஒன்று உண்டு: பாதி ஆட்டம் உன் ஊரில், பாதி என் ஊரில். உலகக் கோப்பையில் நடத்துகிற நாட்டைத் தவிர எல்லோரும் விருந்தாளிகள். தகுதிச் சுற்றில்தான் ஒவ்வொரு நாடும் தன் வாசலைத் திறந்து, வா, எங்கள் காற்றில், எங்கள் வெயிலில், எங்கள் ஜனத்துக்கு முன்னால் ஆடிப் பார் என்கிறது.

பொலிவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். லா பாஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேலே. வருகிற அணிகளுக்கு இருபதாவது நிமிடத்திலேயே நெஞ்சு அடைக்கும். 2007இல் உயரமான ஊர்களில் சர்வதேச ஆட்டம் கூடாது என்று ஃபிஃபா தடை போட்டது. அதை எதிர்த்து மரடோனாவே லா பாஸுக்குப் போய் அந்த உயரத்தில் ஒரு காட்சி ஆட்டம் ஆடினார். அவரவர் பிறந்த இடத்தில் ஆட அவரவருக்கு உரிமை உண்டு என்பது அவர் கட்சி. தடை 2008இல் விலகியது. மறு ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி அதே மரடோனா அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக லா பாஸ் வந்தார். அணியில் மெஸ்ஸி இருந்தார். பொலிவியா 6, அர்ஜென்டினா 1. உயரத்தைச் சாக்காகச் சொல்லாமல் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டதால்தான் அந்த மனிதரை எனக்கு இன்னும் பிடிக்கிறது. இந்தச் சுற்றில் பொலிவியா இன்னும் மேலே, 4,000 மீட்டரைத் தாண்டிய எல் ஆல்ட்டோவுக்குத் தன் ஆட்டங்களை மாற்றியது. 2025 செப்டம்பரில் அங்கேதான் பிரேசிலை 1-0 என்று சாய்த்தது. இதை அநியாயம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அங்கே பிறந்து, அங்கே மூச்சுவிட்டு, அங்கே பந்து பழகியவர்கள் வேறெங்கே போய் ஆடுவது?

எனக்கும் ஒரு எல் ஆல்ட்டோ இருந்தது. குமரியின் மேற்குக் கடற்கரையில் எங்கள் ஊர் மைதானம் முழுக்க மணல். கோல் கம்பங்கள் சவுக்கு மரம். வலை, நிஜமாகவே வலை: கிழிந்துபோய்க் கடலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய மீன்வலையை மடித்துக் கட்டியிருப்போம். பந்து உள்ளே விழுந்தால் செதில் வாசனையோடுதான் திரும்பி வரும். நான் கோல்கீப்பர். ஆனி ஆடியில் கச்சான் காற்று கடலிலிருந்து அடிக்கும்போது, வெளியூர் அணிக்காரன் உயரே தூக்கி அடித்த பந்து பாதி வழியில் நின்று அவன் பக்கமே திரும்பும். அவன் வாய் பிளந்து நிற்பான். எங்களுக்குப் பழக்கித் தந்த அண்ணன் ஒருவர் கட்டுமரத்தில் போகிறவர். "மொதல்ல காத்தப் பாரு மக்கா, பெறவு பந்தப் பாரு" என்பார். காய்ந்த மணலை ஒரு பிடி அள்ளி விரல் வழியாக விட்டு, அது எந்தப் பக்கம் சாய்ந்து விழுகிறது என்று பார்க்கச் சொல்லித்தந்தார். மேட்டு ஊர்க்காரர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள். இரண்டாம் பாதியில் கணுக்கால் வரை மணல் இழுக்கும். பூட்ஸைக் கழற்றினால் சூடு தாங்காது. எங்கள் உள்ளங்கால் அந்தச் சூட்டிலேயே காய்த்தது.

அந்த மைதானம் இன்று இல்லை. மூன்று மழைக்காலத்தில் கடல் அதைத் தின்றுவிட்டது. முதல் வருஷம் தெற்குக் கம்பம் போனது. மறு வருஷம் நடுக்கோடு. கடலரிப்பைத் தடுக்கப் பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள். பாறைக்கல் மிஞ்சியது, மணல் திரும்பவில்லை. பிள்ளைகள் கோயில் முற்றத்தில் ஆடுகிறார்கள். ஊர் அணி இன்னமும் இருக்கிறது, ஜெயிக்கவும் செய்கிறது. ஆனால் எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம். நம் பக்கம் நடத்த வேண்டிய போட்டியைக்கூடப் பக்கத்து ஊர் மைதானத்தைக் கேட்டு வாங்கித்தான் நடத்துகிறார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டே ஆட்டம் பார்த்த கிழவர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. வில்லெம்ஸ்டாட் திரையைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தக் கிழவர்கள்தான்.

தகுதிச் சுற்றில் நம் கதைக்கு வருகிறேன். தோஹா கோலைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! 2024 ஜூன் 11. கத்தாருக்கு எதிராகச் சாங்தேவின் கோலில் இந்தியா முன்னிலை. வென்றிருந்தால் நம் வரலாற்றில் முதல்முறையாக மூன்றாம் சுற்று. 73ஆவது நிமிடம். தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுக்கிறார், பந்து கோட்டைத் தாண்டி வெளியே போகிறது, கத்தார்க்காரர் ஒருவர் அதைக் காலால் உள்ளே இழுக்கிறார், யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளுகிறார். நம் ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவர் கோல் என்கிறார். காணொளிப் பரிசீலனை அந்தச் சுற்றில் கிடையாது. இறுதியில் 2-1, நம் பயணம் முடிந்தது. கோல்கீப்பராக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், வெளியே போன பந்தில் கோல் வாங்குவதைவிடக் கொடுமை அந்த இரும்புச் சட்டத்துக்குக் கீழே வேறில்லை. இதில் நான் மனம் மாறப்போவதில்லை.

ஆனால் இந்த வாரம் பழைய ஆட்டங்களை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். அந்தக் குழுவில் நமக்கு ஐந்து புள்ளி. அதில் நான்கு வெளியூரில் எடுத்தவை: குவைத்தில் வெற்றி, ஆப்கானிஸ்தானோடு டிரா. நம் மண்ணில் மூன்று ஆட்டம். புவனேசுவரத்தில் கத்தாரிடம் 0-3. கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0. நடுவில், 2024 மார்ச் 26, குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானோடு ஆட்டம். சுனில் சேத்ரிக்கு அது 150ஆவது சர்வதேசப் போட்டி. பெனால்டியில் கோலும் போட்டார். 70ஆவது நிமிடத்தில் ஆப்கானியர்கள் சமன் செய்தார்கள், 88ஆவது நிமிடத்தில் பெனால்டியில் வென்றார்கள்.

அந்த ஆப்கான் அணி எப்படிப்பட்டது என்பதை நான் அப்போது ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஐந்து நாளைக்கு முன் நம்மோடு அவர்கள் ஆடிய 'சொந்த மண்' ஆட்டம் சவூதியில், ஆபா நகரத்தில் நடந்தது. சம்மேளனத்தோடு தகராறில் மூத்த ஆட்டக்காரர்கள் பலர் வரமாட்டேன் என்று ஒதுங்கியிருந்தார்கள். மீதிப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்தவர் ஆஷ்லி வெஸ்ட்வுட். பெங்களூரில் சேத்ரியையே பயிற்றுவித்தவர். ஆட ஊரில்லாத அந்தப் பையன்கள் நம் வாசலில் வந்து நம்மை வென்றார்கள். நமக்குப் பெரிய பெரிய அரங்கங்கள் இருந்தன, நூறு கோடிக்கு மேல் ஜனம் இருந்தது, மூன்று ஆட்டத்தில் ஒரு புள்ளி எடுத்தோம். தோஹா நடுவரை ஒன்றரை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த நான் குவாஹாட்டியை ஒரு முறையாவது பேசியிருக்க வேண்டும்.

பாலஸ்தீனத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்களுடைய சொந்த மண் ஆட்டங்கள் குவைத்திலும் தோஹாவிலும் அம்மானிலும் நடந்தன. 2025 ஜூன் 10ஆம் தேதி ஓமனை வென்றால் நான்காம் சுற்று. 97ஆவது நிமிடம் வரை 1-0 என்று முன்னிலையில் இருந்தார்கள். அப்போது ஓமனுக்கு ஒரு பெனால்டி. அத்தோடு எல்லாம் முடிந்தது. அது நடந்ததும் அம்மானில்தான்.

சொந்த மைதானம் என்றாலே புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. ஹைதியே சாட்சி. 1974 உலகக் கோப்பைக்கு அது தகுதிபெற்றது போர்ட்-ஓ-பிரின்ஸில்தான். 1973 நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் வரை அந்தப் போட்டி முழுவதும் சில்வியோ காத்தோர் மைதானத்தில் நடந்தது. நாடு இளைய துவாலியேவின் சர்வாதிகாரத்தில் இருந்தது. டிரினிடாட் அணி ஹைதிக்கு எதிராகப் போட்ட பல கோல்களை நடுவர் செல்லாது என்றார். ஹைதி 2-1 என்று வென்றது. டிரினிடாட்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லி ஆற மாட்டார்கள்.

அதே உலகக் கோப்பைக்கு, அதற்குச் சில நாட்களுக்கு முன், இன்னொரு நாடு தன் சொந்த மைதானத்தில் தகுதிபெற்றது. அதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடிந்ததில்லை.

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதிபர் அலெண்டே மாண்டார். பினோசேயின் ஆட்கள் பிடித்துவந்த ஆயிரக்கணக்கானவர்களை அடைத்துவைக்கத் தேர்ந்தெடுத்த இடம் சாண்டியாகோவின் தேசிய மைதானம். உடை மாற்றும் அறைகளிலும் படிக்கட்டுகளுக்கு அடியிலும் கைதிகள். சைக்கிள் பந்தயத்துக்கென்று பக்கத்தில் இருந்த அரங்கில் சித்திரவதை. அங்கே கொல்லப்பட்டவர்களும் உண்டு. அந்தப் படிகளில் உட்காரவைக்கப்பட்டவர்களில் பலர், அதற்கு முந்தைய மாதம் அங்கே சீட்டு வாங்கி ஆட்டம் பார்த்தவர்களாகவே இருந்திருப்பார்கள்.

கடைசி ஓர் இடத்துக்குச் சிலியும் சோவியத் யூனியனும் மோத வேண்டியிருந்தது. செப்டம்பர் 26 மாஸ்கோவில் முதல் ஆட்டம், 0-0. அடுத்தது சாண்டியாகோவில். வேறு நாட்டில் வையுங்கள் என்றது மாஸ்கோ. ஃபிஃபா இரண்டு பேரை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. அக்டோபரில் அவர்கள் வந்து புல்தரையைப் பார்த்தார்கள். அந்த நேரம் கைதிகளைக் கீழே, கண்ணில் படாத இடத்தில், சத்தம் வராமல் வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை போனது. தன் ஊரிலும் சிறைகளை வைத்திருந்த அரசுதான் சோவியத்தும். ஆனாலும் அந்த மைதானத்தில் ஆட மாட்டோம் என்று சொன்னது சரியான வார்த்தை.

கைதிகளை வடக்கே அட்டகாமா பாலைவனத்துக்கும் மற்ற இடங்களுக்கும் அப்புறப்படுத்தினார்கள். நவம்பர் 21. நடுவர் விசில் ஊதினார். எதிர்ப்பக்கத்தில் ஒருவரும் இல்லை. சிலி ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பந்தைத் தட்டிக்கொண்டே போனார்கள். கோல் வாசல் வரை போனதும் தலைவர் பிரான்சிஸ்கோ வால்டெஸ் காலியான வலைக்குள் அடித்தார். பலகையில் 1-0 என்று எழுதினார்கள். சிலி உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்றுவிட்டது. வந்த ஜனத்துக்குக் காட்ட பிரேசிலிலிருந்து சாண்டோஸ் அணியை வரவழைத்திருந்தார்கள். சாண்டோஸ் 5-0 என்று வென்றது.

அந்தப் படச்சுருள் கிடைக்கிறது. நான் பார்ப்பது அந்தக் கோல் வாசலை. கோல்கீப்பர் இல்லாத கம்பத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு. ஆட்டத்தின் நடுவில் பார்த்ததில்லை. ஓடிப்போய் நடுவில் நின்றுவிடலாமா என்று கால் பரபரக்கிறது.

பந்தைத் தட்டிப்போனவர்களில் கார்லோஸ் காஸ்செலியும் ஒருவர். அலெண்டேயின் ஆதரவாளர். அணி உலகக் கோப்பைக்குப் புறப்படும் முன் பினோசே கை நீட்டியபோது தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதாகப் பிறகு அவரே சொன்னார். அவருடைய தாய் ஓல்கா காரிதோவைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தார்கள். 1988இல் பினோசே நீடிக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு வந்தபோது, 'வேண்டாம்' தரப்பின் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஓர் அம்மாள் தனக்கு நடந்ததை நிதானமாகச் சொன்னார். முடிவில் திரையில் காஸ்செலி தோன்றி, இவர் என் அம்மா என்றார். பினோசே அந்த வாக்கெடுப்பில் தோற்றார்.

சிலி இந்தச் சுற்றில் தென் அமெரிக்காவில் கடைசி இடம். ஹைதி போகிறது. போகிற இடம் அமெரிக்கா. 2025 ஜூனில் அமெரிக்கா போட்ட பயணத் தடைப் பட்டியலில் ஹைதியும் இருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கு விலக்கு உண்டு. ஜனங்களுக்கு இல்லை. போர்ட்-ஓ-பிரின்ஸ் தெருவில் அன்றிரவு ஆடியவர்கள் தங்கள் அணியை ஊரிலும் பார்க்கவில்லை, அங்கேயும் போய்ப் பார்க்க முடியாது.

சாண்டியாகோ மைதானத்தைப் பின்னாளில் புதுப்பித்தார்கள். பழைய மர பெஞ்சுகளை எடுத்துவிட்டு எங்கும் பிளாஸ்டிக் இருக்கை போட்டார்கள். எட்டாம் எண் வாசலுக்கு மேலே மட்டும் ஒரு பகுதியைத் தொடவில்லை. கைதிகள் உட்கார்ந்திருந்த அதே மரப்பலகைகள், வெயிலில் வெளுத்து, கம்பி வேலிக்குள் இருக்கின்றன. சிலி ஆடுகிற இரவுகளில் சுற்றிலும் ஜனம் நிரம்பி வழியும். அந்தப் பலகைகளுக்குச் சீட்டு விற்பதில்லை.